நிலக்காட்சிப் படங்களுக்கு ஜூம் கேமராவா, பெரிய சென்சாரா?

மலைக்காட்சி எடுக்க எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் கிடைக்கிறது. பெரிய சென்சார் உள்ளதை வாங்குங்கள், மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்பார் ஒருவர். அறுபது மடங்கு ஜூம் கையடக்கமாகக் கிடைக்கும்போது எதற்கு அவ்வளவு செலவு என்பார் இன்னொருவர். இருவரும் தங்கள் அனுபவத்தில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்த ஒளியில் எடுத்தோம், கேமரா கையில் இருந்ததா ட்ரைபாடில் இருந்ததா, எவ்வளவு நேரம் ஒளியை வாங்கினோம் என்பதை அவர்கள் சொல்வதில்லை. அவற்றை விட்டுவிட்டுச் சென்சார் அளவைப் பற்றி வாதிடுவதில் பொருளே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். கோத்தகிரியிலிருந்து கிழக்கே சென்றால் வரும் கோடநாடு காட்சி முனையில் நின்றால் அருகில் புதர்களும் பாறைகளும், நேர் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும், அதற்குள் தெங்குமரஹாடா கிராமத்தின் வயல்களும், ஒரு பக்கத்தில் தனித்து எழும் ரங்கசாமி மலையும் தெரிகின்றன. அங்கே இரண்டு படங்கள் எடுக்க விரும்புகிறோம். ஒன்று, அருகிலுள்ள புதர் முதல் அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும் அகலக் காட்சி. மற்றொன்று, பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் வயல்களை மட்டும் இழுத்து எடுக்கும் தொலைவுப் படம். இரண்டுக்கும் ஒரே விடை பொருந்தாது.

சென்சாரும் அதன் அளவும்

லென்ஸ் வழியே வரும் ஒளி விழுந்து மின்னூட்டமாக மாறும் சிலிக்கான் தகடுதான் சென்சார். அதன் பரப்பு கோடிக்கும் மேற்பட்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். கடைகளில் பிக்சல் எண்ணிக்கையைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். படத்தின் தரத்தைப் பற்றி அதைவிட அதிகம் சொல்வது தகட்டின் பரப்பளவு.

லென்ஸ் மாற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள காம்பாக்ட் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது 1/2.3 இன்ச் வகை. அதன் அகலம் சுமார் 6.2 மி.மீ., உயரம் 4.6 மி.மீ.; பரப்பு 28 சதுர மி.மீ. அடுத்த நிலையான 1 இன்ச் வகை 13.2 × 8.8 மி.மீ., அதாவது 116 சதுர மி.மீ. லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராக்களில் பரவலாக உள்ள ஏபிஎஸ்-சி வகை ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ.; கேனான் கேமராக்களில் இது சற்றுச் சிறியது. பழைய 35 மி.மீ. ஃபிலிமின் அளவிலேயே அமைந்த ஃபுல் ஃப்ரேம் 36 × 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. முதலில் சொன்ன சிறிய தகட்டைப் போல இது ஏறத்தாழ 30 மடங்கு.

இந்த இன்ச் கணக்கை நம்பி அளவுகோலை எடுக்க வேண்டாம். 1 இன்ச் சென்சாரின் மூலைவிட்டம் 16 மி.மீ. மட்டுமே. பழைய வீடியோ கேமராக்களில் இருந்த வெற்றிடக் குழாயின் வெளி விட்டத்தைச் சொல்லும் வழக்கம் அப்படியே தொடர்கிறது.

விலை உயர்ந்த பல போன்களின் முதன்மைக் கேமராவில் இன்று 1/1.3 இன்ச் வகைச் சென்சார் இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது 1/2.3 இன்ச் தகட்டைவிடப் பெரியது. ஆகவே நம்முடைய முதல் படத்தை, அதாவது அகலக் காட்சியை, மட்டும் எடுப்பதற்காக மலிவான காம்பாக்ட் ஜூம் கேமரா வாங்குகிறவர், சட்டைப்பையில் ஏற்கனவே இருப்பதைவிடச் சிறிய சென்சாருக்குப் பணம் கொடுக்கக்கூடும்.

பரப்பு ஏன் முக்கியம்

மழை பிடிக்கும்போது முதல் சில நொடிகள் சிமெண்டுத் தரையைப் பாருங்கள். ஒரு சாண் சதுரத்தில் ஐந்து துளி விழுந்திருக்கும். பக்கத்துச் சதுரத்தில் ஒன்றுதான் இருக்கும். வானத்திலிருந்து மழை சீராகத்தான் இறங்குகிறது, ஆனால் தரை திட்டுத் திட்டாகத் தெரிகிறது. சில நிமிடங்கள் கழித்துப் பார்த்தால் தரை முழுவதும் ஒரே ஈரம். விழுந்த துளிகள் பல மடங்காகிவிட்டதால் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒளியும் ஃபோட்டான் எனப்படும் தனித்தனித் துகள்களாகத்தான் சென்சாரில் விழுகிறது. ஓரிடத்தில் சராசரியாக 100 ஃபோட்டான் விழ வேண்டுமென்றால் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது பத்து சதவீதம். 10,000 விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100 ஆக உயர்ந்தாலும் அது ஒரே ஒரு சதவீதம்தான். ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், ஒளி நான்கு மடங்கானால் திட்டுகள் பாதியாகத் தெரியும். படத்தில் காணும் இந்தத் திட்டுத்தன்மையைத்தான் நாய்ஸ் என்கிறோம். அது பெரும்பாலும் கேமராவின் கோளாறு அன்று, ஒளியின் இயல்பு.

நாய்ஸ் முதலில் தலைகாட்டுவது வெயில் படாத பகுதிகளில். தேயிலைச் சரிவின் நிழல் பக்கத்தைச் சிறிய சென்சாரில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நாய்ஸை மறைக்கக் கேமராவே செய்யும் திருத்தத்தில் இலை விளிம்புகள் கரைந்து, தனித்தனி இலைகள் இருந்த இடத்தில் ஒரு பச்சைப் பூச்சு மட்டும் மிஞ்சியிருக்கும். நிலக்காட்சிக்கு உயிர் கொடுப்பது இந்த நுண்விவரம்தான் என்பதால், இங்கே ஏற்படும் இழப்பு வேறு வகைப் படங்களைவிட அதிகம் உறுத்துகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், தெளிவு என்பது சேர்த்த மொத்த ஒளியின் கணக்கு. மொத்த ஒளியைக் கூட்ட, பரப்பைப் பெரிதாக்கலாம். அல்லது அதிக நேரம் ஒளியை வாங்கலாம். இந்த இரண்டாவது வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

துவாரம் ஒன்றானால் ஒளியும் ஒன்று

இனி வருவது பலருக்கு வியப்பாக இருக்கும். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

லென்ஸுக்குள் ஒளியை அனுமதிக்கும் திறப்பு அபெர்ச்சர். லென்ஸ் காட்சியை எவ்வளவு நெருக்கி அல்லது அகலமாகக் காட்டுகிறது என்பதைத் தீர்மானிக்கும் அளவு குவியத் தூரம். குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே எஃப் எண். எனவே எஃப்/2.8 என்ற எண் ஒரு விகிதம் மட்டுமே; ஒரே லென்ஸில் எண் கூடக்கூடத் திறப்பு சிறிதாகும். திறப்பு எத்தனை மி.மீ. என்பதை அது தனியாகச் சொல்லாது.

நிக்கான் நிறுவனம் 2018இல் வெளியிட்ட கூல்பிக்ஸ் பி1000 கேமராவை எடுத்துக்கொள்வோம். 1/2.3 இன்ச் சென்சார், 125 மடங்கு ஜூம். விளம்பரத்தில் 24 முதல் 3000 மி.மீ. என்று இருக்கும், அது ஃபுல் ஃப்ரேமில் அதே காட்சியைத் தரும் லென்ஸின் அளவு. உண்மையான குவியத் தூரம் 4.3 முதல் 539 மி.மீ. வரைதான். அகல முனையில் எஃப்/2.8 வைத்தால் திறப்பின் விட்டம் 4.3ஐ 2.8ஆல் வகுத்தது, அதாவது ஒன்றரை மி.மீ. இப்போது ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ. லென்ஸை எஃப்/16இல் வைத்துப் பாருங்கள். 24ஐ 16ஆல் வகுத்தாலும் ஒன்றரை மி.மீ.தான்.

ஒரே காட்சி, ஒரே அளவுத் திறப்பு. எனவே ஒரு நொடியில் இரண்டு சென்சார்களிலும் விழும் மொத்த ஒளியும் ஒன்றே. புல ஆழமும், அதாவது முன்னிருந்து பின்வரை எவ்வளவு தூரம் தெளிவாக விழும் என்பதும், ஒன்றே. சிறிய தகட்டில் அந்த ஒளி செறிவாக விழுகிறது. பெரிய தகட்டில் பரவி விழுகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் பெரிய சென்சாரால் என்ன லாபம்? நேரம்தான். இரண்டையும் ஐஎஸ்ஓ 100இல் வைப்போம். ஐஎஸ்ஓ என்பது கிடைத்த ஒளியைப் படத்தில் எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுவது என்ற அமைப்பு. அதை உயர்த்துவதால் புதிதாக ஒரு ஃபோட்டானும் வராது. சிறிய கேமரா எஃப்/2.8இல் 1/250 நொடியில் படத்தை முடித்துக்கொள்ளும் வெளிச்சத்தில், ஃபுல் ஃப்ரேம் எஃப்/16இல் 1/8 நொடி எடுத்துக்கொள்ளும். அந்த நீண்ட நேரத்தில் அது ஏறத்தாழ 30 மடங்கு ஒளியைச் சேர்த்துக்கொள்கிறது. சிறிய தகடு அவ்வளவு ஒளியை ஒரே தடவையில் தாங்காது. அதற்குள் வானம் வெளுத்துவிடும்.

ட்ரைபாடில் ஏற்றிய கேமராவுக்கு 1/8 நொடி ஒரு பொருட்டே அல்ல. அதிர்வுத் தடுப்பு உள்ள புதிய கேமராக்களில் கையிலேயே பிடித்தும் எடுக்க முடியும். ஆனால் காட்சி முனையில் காற்று வீசினால் முன்னாலிருக்கும் புல் ஆடும். அதை நிறுத்த 1/250 வேண்டுமென்று ஐஎஸ்ஓவை 3200க்கு உயர்த்தினால், சேர்ந்த ஒளி சிறிய கேமராவில் சேர்ந்த அளவுக்கே திரும்பிவிடும். நாய்ஸும் அதை ஒட்டியே இருக்கும். பெரிய சென்சார் வாங்கியும் மலைப்படங்கள் பெரிதாக மாறவில்லை என்று சொல்பவர்களில் பலர், நடந்துகொண்டே கையில் பிடித்து, எல்லாம் தெளிவாக விழ வேண்டுமென்று எஃப்/16இல் எடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

எஃப் எண்ணைத் தனியாகப் பார்ப்பது எவ்வளவு தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களான ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் அமைத்த குழுவின் பெயரே எஃப்/64. அதைக் கேள்விப்பட்டு, நிலக்காட்சிக்கு லென்ஸை முடிந்தவரை மூட வேண்டும் என்று எண்ணிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களோ மிகப் பெரிய ஃபிலிம் தகடுகளைப் பயன்படுத்தினார்கள். 8 × 10 இன்ச் ஃபிலிமில் எஃப்/64 தரும் புல ஆழத்தை ஃபுல் ஃப்ரேமில் எஃப்/8.5 அளவிலேயே பெற்றுவிடலாம்.

ஃபுல் ஃப்ரேமில் அதற்கு மேல் மூடிக்கொண்டே போனால் படம் மெல்லக் குழையும். சிறிய திறப்பு வழியே செல்லும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதுதான் காரணம். பள்ளி இயற்பியலில் விளிம்பு விளைவு என்று படித்தது இதுவே. சிறிய சென்சாரில் இது எஃப்/8இலேயே கடுமையாகத் தெரியும்.

உண்மையில் 24 மி.மீ. லென்ஸை எஃப்/5.6இல் வைத்து மூன்றரை மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், வழக்கமான கணக்குப்படி ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். அப்போது திறப்பு நான்கு மி.மீ.க்கு மேல், பரப்பில் முன்பு கண்ட ஒன்றரை மி.மீ. திறப்பைப் போல எட்டு மடங்கு. முகத்துக்கு நேரே ஒரு பூ வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவரை, எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை போதும். 1/2.3 இன்ச் சென்சார் உள்ள காம்பாக்ட் கேமராவால் அகல முனையில் நான்கு மி.மீ. திறப்பைத் தர முடியாது. பெரிய சென்சாரின் உண்மையான சாதகம் இந்தத் தெரிவில் இருக்கிறது: திறப்பையும் நீட்டலாம், நேரத்தையும் நீட்டலாம்.

ஆக, பெரிய சென்சார் அதிக ஒளியைத் தானாகக் கொண்டுவருவதில்லை. அதிக ஒளியை வாங்கிக்கொள்ள இடம் தருகிறது. அந்த இடத்தைப் பயன்படுத்துகிறவருக்கே பலன்.

வானமும் பள்ளத்தாக்கும் ஒரே படத்தில்

காலைச் சூரியன் ரங்கசாமி மலையின் மேல் வரும்போது வானம் கண்கூசும். பள்ளத்தாக்கின் அடி இன்னும் இருட்டாக இருக்கும். மிகப் பிரகாசமான இடம் வெளுக்காமலும் மிக இருண்ட இடம் நாய்ஸில் மூழ்காமலும் ஒரே படத்தில் பிடிக்கக்கூடிய வீச்சுக்கு டைனமிக் ரேஞ்ச் என்று பெயர். அதைப் படிகளில் சொல்வார்கள்; ஒவ்வொரு படியும் வெளிச்சம் இரட்டிப்பாவதைக் குறிக்கும். நல்ல ஃபுல் ஃப்ரேம் சென்சார்கள் குறைந்த ஐஎஸ்ஓவில் 14 படிகளை ஒட்டி வருகின்றன. சிறிய சென்சார்கள் அதற்குச் சில படிகள் கீழே நின்றுவிடுகின்றன.

இதைச் சரிக்கட்டவும் நேரம் உதவும். ட்ரைபாடில் வைத்து, வானத்துக்கு ஒன்றும் பள்ளத்தாக்குக்கு ஒன்றுமாக வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்து இணைக்கலாம். ஒரே அமைப்பில் 16 படங்கள் எடுத்து மென்பொருளில் சராசரி கண்டால் நாய்ஸ் நான்கில் ஒரு பங்காகும். இன்றைய போன்கள் நாம் அறியாமலேயே செய்வது ஏறத்தாழ இதைத்தான். இலைகள் ஆடாத காலையில் இது நன்றாக வேலை செய்யும்; காற்று எழுந்த பிறகு இணைத்த இடங்களில் இரட்டை விளிம்புகள் தெரியும்.

இத்தகைய வேலைக்கு ரா கோப்பு வேண்டும். சென்சார் தந்த தரவைக் கேமரா திருத்திச் சுருக்காமல் சேமிப்பதே ரா. ஜூம் காம்பாக்ட்களில் இது எல்லாவற்றிலும் இருப்பதில்லை: 2015இல் வந்த கூல்பிக்ஸ் பி900இல் கிடையாது, அடுத்து வந்த பி1000இல் உண்டு. வாங்குமுன் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது.

125 மடங்கு என்றால்

ஜூம் மடங்கு என்பது மிக நீண்ட குவியத் தூரத்தை மிகக் குறைந்ததால் வகுத்த எண். படம் எவ்வளவு தெளிவு என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. நிலக்காட்சிக்கு அது சொல்லாமல் விடும் இன்னொன்று, அகல முனை எங்கே தொடங்குகிறது என்பது. 24 மி.மீ. காட்சியில் அடங்காத குறுகிய பள்ளத்தாக்கோ அருகில் நிற்கும் அருவியோ எதிர்ப்பட்டால், லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவில் இன்னும் அகலமாகக் காட்டும் 16 மி.மீ. லென்ஸைப் போடலாம், காம்பாக்டில் பின்னால் நகர இடம் தேட வேண்டும்.

ஆனால் நம் இரண்டாவது படத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. தெங்குமரஹாடா வயல்களை நெருக்கி எடுக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேமில் பலரிடம் இருக்கும் நீண்ட லென்ஸ் 200 மி.மீ. 24 மெகாபிக்சல் படத்தை அதில் எடுத்து, பி1000 முழு ஜூமில் காட்டும் பகுதியை மட்டும் வெட்டினால் மிஞ்சுவது அகலத்தில் 400 பிக்சல். இங்கே ஜூம் கேமரா தெளிவாக முந்துகிறது, அதை ஒப்புக்கொள்ளாதது நேர்மை ஆகாது.

அதற்காக அதன் சென்சாரிலுள்ள 16 மெகாபிக்சலுக்கும் உரிய விவரம் கிடைக்கிறது என்றும் எண்ண வேண்டாம். முழு ஜூமில் அதன் திறப்பு எஃப்/8. அந்த நிலையில் விளிம்பு விளைவால் ஒரு புள்ளி ஒளி சுமார் 10.7 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வட்டமாகப் பரவுகிறது. அந்தச் சென்சாரின் ஒரு பிக்சலின் அகலமோ 1.3 மைக்ரானுக்குச் சற்று மேல். ஒரு புள்ளியே எட்டுப் பிக்சல் அகலத்துக்கு விரிகிறது. அச்சிடும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

அதோடு, லென்ஸுக்கும் வயலுக்கும் நடுவே பல கிலோமீட்டர் காற்று இருக்கிறது. வெயில் ஏறியதும் சூடான காற்று அசைந்து விளிம்புகளை நெளிக்கும். தூசும் ஈரமும் நிறத்தை வெளிறச் செய்யும். மழைக்குப் பிந்திய தெளிந்த காலையில் கிடைக்கும் விவரம், கோடைப் பிற்பகலில் எந்த விலை கேமராவுக்கும் கிடைக்காது. என் பார்வையில், நிலக்காட்சிக்கு 400 மி.மீ.க்கு மேற்பட்ட ஜூம் அரிதாகவே பயன்படுகிறது. அடுக்கடுக்கான மலைமுகடுகளை நெருக்கிக் காட்டுவதற்கு 100 முதல் 300 மி.மீ. வரையே பெரும்பாலும் போதும்.

எதை எடுப்பது

எடை, விலை, பழக்கம் மூன்றும் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கின்றன. குடும்பத்தோடு பகலில் ஊர் சுற்றும்போது எடுத்து, போனிலோ தொலைக்காட்சியிலோ பார்ப்பவருக்கு, 4கே திரையே 8.3 மெகாபிக்சல்தான் என்பதால், நல்ல வெயிலில் பெரிய சென்சாரின் சாதகம் கண்ணில் படாது. அவருக்குப் போனும், பறவையும் நிலவும் தொலைதூர மலையும் வேண்டுமானால் ஒரு ஜூம் கேமராவும் போதும்.

நடந்து மலையேறுகிறவர்கள், ட்ரைபாட் சுமக்க விரும்பாதவர்கள், ஆனால் தேயிலைச் சரிவின் விவரம் வேண்டும் என்பவர்கள் 1 இன்ச் வகையைப் பார்க்கலாம். அதன் பரப்பு 1/2.3 இன்ச் வகையைப் போல நான்கு மடங்கு. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாவது மாதிரி 302 கிராம் எடையில், ஃபுல் ஃப்ரேம் கணக்கில், 24 முதல் 200 மி.மீ. வரை தருகிறது, ஆர்எக்ஸ்10 வரிசையின் நான்காவது 600 மி.மீ. வரை போகும், ஆனால் ஒரு கிலோவைத் தாண்டும். காம்பாக்டில் நிலக்காட்சியை உள்ளபடி மதிக்கும் வகை இதுதான் என்பேன்.

விடியலில் நின்று, ட்ரைபாடை ஊன்றி, சுவரில் மாட்ட அச்சிட விரும்புகிறவர் ஏபிஎஸ்-சியிலோ ஃபுல் ஃப்ரேமிலோ தொடங்கலாம். முதல் கேமராவுக்கு நான் ஏபிஎஸ்-சியையே சொல்வேன். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒளியில் சுமார் ஒன்றேகால் படிதான், அதை ட்ரைபாடில் பல படங்கள் எடுத்து எளிதில் ஈடுகட்டலாம். அருவி நீரைப் பட்டுப்போல் ஓடவிட ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். பல காம்பாக்ட்களில் ஃபில்டர் திருகும் மரையே இருப்பதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பெரிய ஊர்களில் கேமரா வாடகைக்குக் கிடைக்கிறது. வாங்க எண்ணும் இரண்டையும் ஒரே காலையில் ஒரே இடத்தில் வைத்து, குறைந்த ஐஎஸ்ஓவில், வழக்கமாக நீங்கள் எடுக்கும் முறையிலேயே, கையில் என்றால் கையில், ட்ரைபாட் என்றால் ட்ரைபாடில், ராவாக எடுங்கள். திரையில் முழுதாகப் பெரிதாக்கிப் பார்க்காமல், நீங்கள் கடைசியில் பயன்படுத்தப்போகும் அளவில் நிழல் பகுதிகளை ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரியவில்லை என்றால் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் காற்றுக்கு அசையாத ட்ரைபாட் ஒன்று வாங்கலாம்.